கள்ளுக்கடையில் தொடங்கிப் புதையலில் முடியும் பட்டியல்

அக்டோபரில் மலேசிய நிதியமைச்சர் மக்களவையில் வரவு செலவுத் திட்டத்தை வாசித்த மறுநாள் காலை, பினாங்கு லிட்டில் இந்தியாவின் சாப்பாட்டுக் கடைகளில் ஒரு வாக்குவாதம் தவறாமல் நடக்கும். "மத்திய அரசாங்கம் ரொம்பப் பெருத்துப் போச்சு அண்ணே. பாதி இலாகாவ இழுத்து மூடலாம்." "மூடிட்டு? பெரியாஸ்பத்திரி மருந்துக்குக் கொம்தார்ல இருக்கற மாநில அரசாங்கத்துகிட்ட போய்க் காசு கேப்பியா தம்பி?" தே தாரிக் ஆறுவதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடும். அடுத்த அக்டோபரில் விட்ட இடத்திலிருந்து மறுபடியும் தொடங்கும்.

இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இருவரும் அரசாங்கத்தின் உடம்பையே அளந்துகொண்டிருக்கிறார்கள். 2024-க்குக் கூட்டரசு, அதாவது மத்திய அரசாங்கம், போட்ட திட்டம் 393.8 பில்லியன் ரிங்கிட். அதே ஆண்டு பினாங்கு மாநிலத்தின் திட்டம் ஒரு பில்லியன் ரிங்கிட் அளவில்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யானையும் எலியும்போல் இருக்கும். ஆனால் அந்த 393.8 பில்லியனுக்குள் ஆசிரியர் சம்பளம், தாதியர் சம்பளம், இராணுவம், போலீஸ், ஓய்வூதியம், கடன் வட்டி எல்லாம் அடக்கம். நாட்டில் ஏறக்குறைய 1.6 மில்லியன் அரசு ஊழியர்கள் என்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வகுப்பறையிலும் மருத்துவமனை வார்டிலும் சீருடையிலும் இருப்பவர்கள். இவர்களில் யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று கேட்டால் யாரும் விரல் நீட்ட மாட்டார்கள். பெரிது, சிறிது என்ற பேச்சு அங்கேயே முட்டி நின்றுவிடுகிறது.

கூட்டரசு உண்மையில் எந்த இடத்தில் பெரிது என்பது அரசியலமைப்புச் சட்டத்தின் கடைசிப் பக்கங்களில் எழுதப்பட்டிருக்கிறது. எல்லோரும் மேற்கோள் காட்டுவது ஒன்பதாவது அட்டவணையை: எது கூட்டரசுப் பட்டியல், எது மாநிலப் பட்டியல், எது பொதுப் பட்டியல். நிலம், ஊராட்சி, ஆறு, காடு மாநிலத்துக்கு. கல்வி, சுகாதாரம், போலீஸ், துறைமுகம், வருமான வரி கூட்டரசுக்கு. இது பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். அதற்கு அடுத்து வரும் பத்தாவது அட்டவணையைத்தான் யாரும் புரட்டுவதில்லை. அதிகாரம் யாருக்கு என்று ஒன்பதாவது சொல்கிறது. அந்த அதிகாரத்தைச் செலுத்தக் கையில் காசு இருக்குமா என்று பத்தாவது சொல்கிறது.

தலைக்கு 14 வெள்ளி

பத்தாவது அட்டவணையின் முதல் பகுதி தலைவரி மானியம். பெயரில் வரி இருந்தாலும் நாம் கட்டுவது கிடையாது. மாநிலத்தில் இருக்கும் தலைகளை எண்ணிக் கூட்டரசு மாநிலத்துக்குக் கொடுப்பது. சட்டத்தின் அச்சுப் பிரதியில் இருக்கும் விகிதம் இது: முதல் 100,000 பேருக்குத் தலைக்கு 72 ரிங்கிட். அதற்கு மேல் உள்ளவர்களுக்குப் படிப்படியாக 10 ரிங்கிட் சொச்சம், கடைசிப் படியில் 11 ரிங்கிட் 40 காசு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பினாங்கில் 1.74 மில்லியன் பேர். கூட்டிப் பார்த்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 25 மில்லியன் ரிங்கிட் வரும். பரப்பினால் ஆளுக்கு 14 வெள்ளி (ரிங்கிட்) சொச்சம், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் காசு. மூன்று லட்சம் பேர்கூட இல்லாத பெர்லிஸுக்கு இதே கணக்கில் தலைக்கு 32 வெள்ளி வரை வரும், ஏனென்றால் அந்த 72 ரிங்கிட் படி சிறிய மாநிலத்தைத் தூக்கிவிடுகிறது. அது நியாயம்தான். ஆனால் கூட்டம் மிகுந்த மாநிலத்தில் சாக்கடை, குப்பை, நடைபாதை எல்லாவற்றுக்கும் செலவு கூடும் என்பதை இந்தப் படிக்கட்டு பார்ப்பதே இல்லை.

இரண்டாவது மானியம் மாநிலச் சாலைகளுக்கு. இது நடைமுறையில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. சாலை எண்ணில் வெறும் எண் இருந்தால் அது கூட்டரசுச் சாலை. தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி, பாலிக் புலாவ் என்று தீவைச் சுற்றி வரும் 6ஆம் எண் சாலை அப்படிப்பட்டது. எண்ணுக்கு முன்னால் 'பி' என்ற எழுத்து இருந்தால் பினாங்கு மாநிலச் சாலை. ஆனால் மாநிலச் சாலையின் பள்ளத்தை அடைக்கும் காசும் பெரும்பாலும் மேலிருந்துதான் வருகிறது: 'மாரிஸ்' என்ற பதிவேட்டில் ஏறிய சாலைகளுக்கு நீளத்தைக் கணக்கிட்டுக் கூட்டரசு பணம் அனுப்புகிறது. பதிவேட்டில் ஏறாத சாலைக்குப் பணம் கிடையாது. புதிய தாமான்களில் (குடியிருப்புகளில்) மேம்பாட்டாளர் இன்னும் மாநகர் மன்றத்திடம் ஒப்படைக்காத சாலைகள் ஆண்டுக்கணக்கில் குண்டும் குழியுமாகக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே ஒய்.பி.யை, அதாவது மக்கள் பிரதிநிதியை, திட்டிப் பயனில்லை. 'இந்தச் சாலை ஒப்படைக்கப்பட்டுவிட்டதா, மாரிஸில் ஏறிவிட்டதா' என்று கேட்டால்தான் வேலை நகரும்.

மூன்றாம் பகுதியில்தான் மாநிலங்கள் தாங்களாகச் சம்பாதிக்கக்கூடிய வழிகள் இருக்கின்றன. மொத்தம் 14. முதலாவது கள்ளுக்கடை வருமானம். தோட்டத்துத் தமிழர்களின் கூலியில் ஒரு பங்கு கள்ளுக்கடை வழியாகத் திரும்பிப்போன காலத்தின் சுவடு இன்றும் நாட்டின் உச்ச சட்டத்தில் முதல் வரிசையில் நிற்கிறது என்பதை நம் ஆட்கள் ஒருமுறையாவது படித்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது நிலம், சுரங்கம், காடு. பிறகு சில உரிமக் கட்டணங்கள், கேளிக்கை வரி, கச்சா நீர் வருமானம், வாடகை, வட்டி, நில விற்பனை, அபராதம், முஸ்லிம்களின் ஸக்காத். பதினான்காவது, புதையல். வருமான வரி, நிறுவன வரி, சுங்க வரி, விற்பனை சேவை வரி எதுவும் இந்தப் பட்டியலில் கிடையாது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு சில்லு ஆலை எத்தனை பில்லியன் சம்பாதித்தாலும் அதன் லாபத்தின் மீதான வரி நேரே கூட்டரசுக் கருவூலத்துக்குப் போய்விடும். மாநிலத்துக்கு அந்த ஆலை நிற்கும் மண்ணுக்கு நிலவரியும், மாநகர் மன்றத்துக்கு மதிப்பீட்டு வரியும்தான். ஆலைக்கு வந்துபோகும் லாரிகள், நெரிசல், தண்ணீர்த் தேவை எல்லாம் உள்ளூரிலேயே தங்கிவிடும்.

சரி, கடன் வாங்கிச் செய்யலாமே? அந்தக் கதவை 111ஆம் பிரிவு சாத்திவைத்திருக்கிறது. மாநிலம் கூட்டரசிடமிருந்து கடன் வாங்கலாம். இல்லையென்றால் கூட்டரசு ஒப்புக்கொண்ட வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ வாங்கலாம், அதுவும் ஐந்து ஆண்டுக்கு மேற்படாமல். ஐந்து ஆண்டுக் கடனில் சாக்கடை கட்டலாம். இரயில் பாதை போட முடியாது. கட்டி முடிக்கவே அதற்கு மேல் ஆகும்.

கடலை விற்ற கணக்கு

பினாங்கின் மொத்தப் பரப்பு 1,049 சதுர கிலோமீட்டர். எண்ணெய் இல்லை, ஈயம் இல்லை, வெட்டி விற்கும் அளவுக்குக் காடும் இல்லை. பட்டியலின் இரண்டாவது இனத்தில் மிச்சம் இருப்பது நிலம் மட்டுமே. அதுவும் தீர்ந்துகொண்டு வந்தால் புதிய நிலம் எங்கிருந்து வரும்? கடலிலிருந்து.

பினாங்குப் போக்குவரத்துப் பெருந்திட்டத்தை இந்தக் கண்ணால் பார்த்தால்தான் அது புரியும். அதன் மதிப்பு 46 பில்லியன் ரிங்கிட் என்று பேசப்பட்டது. இலகு இரயிலுக்குக் கூட்டரசு பணம் தரவில்லை. மாநிலத்தால் நீண்ட காலக் கடன் வாங்க முடியாது. அதனால் தீவின் தென்கரையில் 4,500 ஏக்கரில் மூன்று செயற்கைத் தீவுகளை உண்டாக்கி, அந்த மண்ணை விற்று இரயிலுக்குக் காசு தேடுவது என்று 2015 வாக்கில் திட்டம் உருவெடுத்தது. பெர்மாத்தாங் டாமார் லாவுட், தெலுக் கும்பார் மீனவர்கள் இறால் பிடிக்கும் கடல் அது. அவர்கள் எதிர்த்தார்கள். 2021 செப்டம்பரில் சுற்றுச்சூழல் மேல்முறையீட்டு வாரியம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லி, சுற்றுச்சூழல் அறிக்கைக்குக் கொடுத்த ஒப்புதலை ரத்து செய்தது. 2023-இல் கூட்டரசின் சுற்றுச்சூழல் துறை 71 நிபந்தனைகளுடன் மறுபடியும் ஒப்புதல் கொடுத்தது. மண் மாநிலத்தினுடையது, அதைக் கொட்டலாமா என்று சொல்வது கூட்டரசு. அதே ஆண்டு மே மாதம் மூன்று தீவு ஒரு தீவாகக் குறைந்தது, 2,300 ஏக்கர். செப்டம்பரில் தூர்க்கும் வேலை தொடங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைத் திரும்பத் திரும்ப இந்தக் கணக்குக்கே இழுக்கிறது. 2024 மார்ச்சில் கூட்டரசு இலகு இரயில் திட்டத்தைத் தானே எடுத்துக்கொண்டது. கட்டும் பொறுப்பும் சொத்துரிமையும் கூட்டரசின் எம்ஆர்டி நிறுவனத்துக்குப் போயின. 2025 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். இரயிலுக்குக் காசு வேண்டும் என்றுதான் கடலைத் தூர்ப்பதாகச் சொல்லப்பட்டது. இரயிலுக்குக் காசு வந்த பின்னும் தூர்ப்பது நிற்கவில்லை. தொழிற்பேட்டைக்கு இடம் வேண்டும், வேலைவாய்ப்பு வரும் என்று காரணம் மாறியது. அந்தக் காரணங்களைப் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் அடியில் கிடக்கும் கணக்கு மாறவே இல்லை: நிலம் விற்றால் மாநிலத்துக்குக் காசு, விற்காவிட்டால் இல்லை. கூட்டரசு ஒன்பது ஆண்டுகள் முன்னாலேயே இரயிலுக்குக் கை கொடுத்திருந்தால், அல்லது மாநிலம் முப்பது ஆண்டுக் கடன் வாங்க விட்டிருந்தால், மூன்று தீவு என்ற எண்ணமே எழுந்திருக்குமா என்று யாரும் கேட்கவில்லை. தெலுக் கும்பார் மீனவர்கள் கட்டிக்கொண்டிருக்கும் விலையில் 111ஆம் பிரிவுக்கும் பங்கு உண்டு.

வடக்கே கெடாவில் இதே நோய் வேறு உருவத்தில் இருக்கிறது. பினாங்கின் கச்சா நீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு சுங்கை மூடாவிலிருந்து வருகிறது. அந்த ஆற்றின் தாய்மடி உலு மூடா காடு. அது கெடாவுக்குச் சொந்தம். கெடாவுக்கும் பத்தாவது அட்டவணை கொடுத்திருப்பது அதே பட்டியல்தான், 'நிலம், சுரங்கம், காடு'. மரத்தை வெட்டினால் காசு, வெட்டாமல் காத்தால் காசு இல்லை. காத்துக் கொடுக்கும் தண்ணீருக்குப் பினாங்கு ஆண்டுக்கு 50 மில்லியன் ரிங்கிட் தர வேண்டும் என்று கெடா கேட்டது. ஆறு எங்கள் எல்லையிலும் ஓடுகிறது, தர மாட்டோம் என்றது பினாங்கு. மேட்டில் காடு குறைகிறது, பள்ளத்தில் கடல் குறைகிறது. கூட்டரசு 2019-இல் ஒரு சிறிய வைத்தியத்தைத் தொடங்கியது: காட்டைக் காக்கும் மாநிலங்களுக்குச் சூழல் நிதி மாற்று மானியம். 2025-க்கு அது 250 மில்லியன் ரிங்கிட், எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. வழி சரியானது. அளவுதான் போதாது.

ஒரே ஒரு வாக்குச்சீட்டு

பணத்தைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு வாக்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கோலாலம்பூரில் இருக்கும் நம் உறவுகளுக்குப் பொதுத் தேர்தலில் ஒரே ஒரு சீட்டுதான். 1974 பிப்ரவரி 1-இல் சிலாங்கூரிலிருந்து பிரித்துக் கூட்டரசுப் பிரதேசமாக்கியதோடு அவர்களுக்குச் சட்டமன்றம் போய்விட்டது. நகரத் தலைவர் நியமனம். தைப்பூசத்தையொட்டி துன் எச். எஸ். லீ சாலை மகா மாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படும் வெள்ளி ரதம், பத்துமலையை அடைவதற்குள் கூட்டரசுப் பிரதேச எல்லையைத் தாண்டிச் சிலாங்கூருக்குள் நுழைகிறது. ரதத்தின் பின்னால் நடக்கும் ஒருவர், எல்லைக்கு இந்தப் பக்கம் குடியிருந்தால் குப்பைக்கும் சாக்கடைக்கும் கேட்க அவருக்கு நாடாளுமன்ற உறுப்பினர் மட்டுமே உண்டு. அந்தப் பக்கம் குடியிருந்தால் சட்டமன்ற உறுப்பினரும் உண்டு.

பினாங்கில் இரண்டு சீட்டு இருக்கிறது. மூன்றாவது சீட்டு ஒரு காலத்தில் இருந்தது. 1951 டிசம்பர் 1-இல் மலாயாவிலேயே முதலில் நகராட்சித் தேர்தல் நடந்தது ஜோர்ஜ்டவுனில். 1957-இல் அது மாநகரானபோது முதல் மேயராக இருந்தவர் டி. எஸ். இராமநாதன்; அவர் பெயரில் இன்றும் ஒரு சாலை இருக்கிறது. இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. ஆதி நாகப்பன் தலைமையிலான ஆணையம் ஊர் ஊராக விசாரித்து, தேர்தலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று 1968-இல் அறிக்கை கொடுத்தது. நடந்தது நேர்மாறு. 1976-இன் ஊராட்சிச் சட்டம் 15ஆம் பிரிவில் தேர்தலையே எடுத்துவிட்டது.

ஒன்பதாவது அட்டவணையைத் திறந்து மாநிலப் பட்டியலைப் பாருங்கள். 'ஊராட்சித் தேர்தல்' என்ற சொல் அதிலேயே இருக்கிறது. அதை நம்பித்தான் பினாங்கு 2012-இல் தானே ஒரு சட்டம் இயற்றியது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்றது: சீரான சட்டம் என்ற பெயரில் நாடாளுமன்றம் போட்ட 1976 சட்டம் நிற்கும்வரை மாநிலம் தனியாகப் போக முடியாது. ஊராட்சிக் கொள்கையை வகுக்கும் தேசிய மன்றத்தின் அமைப்பை 95ஏ பிரிவு சொல்கிறது: மாநிலத்துக்கு ஒருவர், கூட்டரசின் தரப்பில் பத்துப் பேர் வரை, தலைவராக ஓர் அமைச்சர், வாக்கு சமமானால் அவருக்கே முடிவு வாக்கு. பட்டியலில் பெயர் மாநிலத்துடையது, சாவி மேலே இருக்கிறது. கூட்டரசு எங்கே அளவு மீறியது என்று ஒரே ஒரு இடத்தைக் காட்டச் சொன்னால் நான் காட்டுவது இதைத்தான். கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தடுத்து வைத்திருப்பதால் கூட்டரசுக்கு ஒரு காசு மிச்சமும் இல்லை.

மேலே போகாமல் தப்பியதும் உண்டு. 2007-இன் திடக்கழிவுச் சட்டம் 2011-இல் நடைமுறைக்கு வந்தபோது பினாங்கும் சிலாங்கூரும் அதில் சேரவில்லை. கோலாலம்பூரில் குப்பை எடுக்காவிட்டால் கூட்டரசின் குத்தகை நிறுவனத்தை அழைக்க வேண்டும். பினாங்கில் மாநகர் மன்றத்தையே அழைக்கலாம். பேருந்து கதை வேறு. எந்தத் தடத்தில் எத்தனை பேருந்து என்பதற்கு உரிமம் கொடுப்பது கூட்டரசின் நிலப் போக்குவரத்து நிறுவனம். ஆயர் ஈத்தாமில் ஒரு நிறுத்தத்தை நகர்த்துவது மாநகர் மன்றத்தின் வேலை, அந்த நிறுத்தத்துக்குப் பேருந்து வருமா என்பது மன்றத்தின் கையில் இல்லை.

கீழே இறக்கக் கூடாதவை

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லாவற்றையும் மாநிலத்திடம் கொடுத்துவிடலாம் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தமிழ்ப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். நிலம் மாநிலத்தினுடையது அல்லது தோட்ட நிறுவனத்தினுடையது. கட்டடத் திட்டத்துக்கு ஒப்புதல் ஊராட்சி மன்றத்தினுடையது. ஆசிரியர் சம்பளம் கல்வி அமைச்சினுடையது. நிலம் அரசாங்கத்தினுடையதாக இருந்தால் அது முழு உதவி பெறும் பள்ளி, கூரை ஒழுகினால் அமைச்சு பார்க்க வேண்டும். தனியார் நிலமென்றால் பகுதி உதவி, கூரைக்குப் பள்ளி மேலாளர் வாரியம் நன்கொடை திரட்ட வேண்டும். ஆனால் இரண்டு வகையிலும் ஆசிரியர் சம்பளம் நிற்காமல் வரும். பினாங்கின் 28 தமிழ்ப் பள்ளிகளுக்கு மாநில அரசு ஆண்டுதோறும் மானியம் கொடுக்கிறது. இங்கே நம் வாக்குக்கு எடை இருப்பதால் கொடுக்கிறது. நம் வாக்கு நூற்றில் ஒன்றிரண்டாகச் சிதறிக் கிடக்கும் மாநிலத்தில் ஆசிரியர் சம்பளமும் மாநிலத்தின் கையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

தைப்பூச விடுமுறையே அதற்குச் சான்று. அது மாநில விடுமுறை. பினாங்கில் உண்டு, பகாங்கில் இல்லை, மலாக்காவில் இல்லை. கெடாவில் தனியாக அறிவித்தால்தான் உண்டு. 2021-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டைச் சொல்லி அங்கே அதை ரத்து செய்தார்கள். ஒரு சிறுபான்மைக்குத் தொலைவில் இருக்கும் அரசாங்கம் சில நேரம் பக்கத்தில் இருக்கும் அரசாங்கத்தைவிடப் பாதுகாப்பு. பள்ளியும் மருத்துவமனையும் மேலேயே இருக்கட்டும். சுங்கை மூடா விஷயத்தில் கூட்டரசு இன்னும் இறங்கி வர வேண்டும்: 2005 திருத்தத்தில் குடிநீர் விநியோகத்தைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றிக் கட்டணத்தில் கை வைத்தது, இரண்டு மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆற்றுக்கு ஒரு கணக்கு வகுப்பதில் மட்டும் தயங்கி நிற்கிறது. அங்கே அது போதிய அளவு பெரிதாக இல்லை.

கீழே வர வேண்டியவை மூன்று: கவுன்சிலர் தேர்தல், பேருந்துத் தடம், வருமான வரியில் ஒரு பங்கு. பங்கு வேண்டும் என்று பினாங்கு பல முறை கேட்டிருக்கிறது. பத்தாவது அட்டவணையின் மூன்றாம் பகுதியில் பதினைந்தாவதாக ஓர் இனத்தைச் சேர்க்க மக்களவையின் 222 பேரில் 148 பேர் கை தூக்க வேண்டும். அது கடினம் என்று தெரியும். ஆனால் தலைவரி மானியத்துக்கு அது தேவையில்லை. 109ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, சாதாரணச் சட்டத்தின் மூலமே நாடாளுமன்றம் அந்த விகிதத்தை மாற்றலாம் என்கிறது. சாதாரணப் பெரும்பான்மை போதும். ஐந்து மடங்காக்கினால் பினாங்குக்கு ஏறக்குறைய 125 மில்லியன் ரிங்கிட், ஒரு பிடி மண்ணையும் விற்காமல். பினாங்கிலிருந்து மக்களவைக்குப் போகும் 13 பேரில் யாராவது அந்த மசோதாவைக் கேட்டிருக்கிறார்களா என்று உங்கள் தொகுதி அலுவலகத்தில் விசாரித்துப் பாருங்கள்.